அணியத்தில் நின்றவன்

ஜனவரி 1, புதன்

காலையில் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். கேக் துணுக்குகளைத் துடைத்துவிட்டு, அதே மேசையில் எங்கள் தள ஆட்களின் தலைவர், போசன் தொபியாஸ் அண்ணன் ஒரு காகிதக் கட்டை வைத்தார். வேலை நேரப் பதிவு, ஓய்வு நேரப் பதிவு, கண்காணிப்புப் பதிவு. ஆளுக்கு முப்பத்தொரு கட்டம். மாதம் முழுவதற்கும் இன்றே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இந்தக் கப்பலில் அப்படித்தான் வழக்கம்.

"முப்பத்தொண்ணாம் தேதி உயிரோட இருப்பனான்னே தெரியாது, அண்ணே."

"செத்தா கையெழுத்த அடிச்சிருவோம். போடுடே."

போட்டேன். எட்டு முதல் பன்னிரண்டு வரை, பிரிட்ஜில், கண்காணிப்பு: ரோமால்ட். முப்பத்தொரு முறை. டிசம்பரிலும் இதே போலப் போட்டேன். டிசம்பரில் நான் உண்மையில் பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்றது நான்கு நாள். மற்ற நாட்களில் அந்த நேரம் முழுவதும் தளத்தில் துரு தட்டினேன். இருபத்துநான்கு பேர் ஓட்ட வேண்டிய கப்பலைப் பத்தொன்பது பேர் ஓட்டினால், குறைகிற ஐந்து பேரும் காகிதத்தில்தான் வேலை செய்வார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

துரு. நான்காம் கிடங்கின் மூடியோரம் முழுவதும். சுத்தியல் பிடித்த கை சாப்பிடும்போதும் நடுங்குகிறது.

காலி கப்பல். அமெரிக்காவின் ஜார்ஜியாக் கரையில் ஒரு ஆற்றுத் துறைமுகத்துக்குப் போய் மரத்தூள் உருண்டைகள் ஏற்ற வேண்டும். அங்கே அணை கட்டியது போலக் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றனவாம்.

மூன்றாம் அதிகாரி நர்மதா மேடம் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். ஆம்பூர்க்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். எட்டு முதல் பன்னிரண்டு அவருடைய காவல். காகிதப்படி நான் அவருக்குப் பக்கத்தில் நிற்பவன்.

"படிச்சு வை ரோமால்ட். நாம போற ஏரியால ரைட் வேல்ங்கிற திமிங்கிலம் குட்டி போடுற சீசன். எக்ஸ்ட்ரா லுக்அவுட் போடணும்னு ரூல்."

"போடுவாங்களா மேடம்?"

"எழுதுவாங்க," என்றார்.

போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் படித்தேன். உலகத்தில் இந்த வகை நானூறுக்கும் குறைவாக மிச்சம். பழைய வேட்டைக்காரர்கள் வைத்த பெயராம் அது: மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், செத்தால் மிதக்கும், ஆகவே கொல்லச் சரியானது. முதுகில் துடுப்பு கிடையாது. மூச்சு விட்டால் நீர் இரண்டாகப் பிரிந்து ஆங்கில வி போலத் தெரியும். தலையில் வெள்ளை வெள்ளையாகத் தடித்த தோல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை வைத்தே ஆள் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ஜனவரி 8, புதன்

மழை. வேலை நிற்கவில்லை.

ஜனவரி 11, சனி

பாதுகாப்புக் கூட்டம். கேப்டன் ஆங்கிலத்தில் வாசித்தார். திமிங்கிலப் பகுதிக்குள் மணிக்குப் பத்து நாட்டிக்கல் மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கூடுதல் கண்காணிப்பாளர் ஒருவர் பகல் முழுவதும் பிரிட்ஜில் நிற்பார். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். போட்டோம். கையெழுத்து முடிந்த அடுத்த நிமிடமே முன்தளத்தைப் பதினாறாம் தேதிக்குள் தட்டி முடிக்கச் சொன்னார். வாடகைக்கு எடுத்தவர்களின் ஆய்வாளர் வருகிறாராம்.

"யாரு தட்டுவா?" என்று போசனிடம் கேட்டேன்.

"கூடுதல் கண்காணிப்பாளர்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நான் பள்ளியில் படிக்கும்போது மணப்பாடு பக்கம் சின்னத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. எங்கள் ஊர் ஆட்களும் போனார்கள். கயிறு கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள். அவை திரும்பி வந்து செத்தன. மறுநாள் பேப்பரில் அதிகாரிகளின் படம் வந்தது. தோள் கிழிய இழுத்தவன் ஒருவன் படமும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று அதிசயமாக என்னை பிரிட்ஜில் நிற்க விட்டார்கள். கேப்டனும் மேலே இருந்தார். பதினொரு மணிக்கு வலப்பக்கம் கறுப்பாக ஒன்றைப் பார்த்து, திமிங்கிலம் என்று சொன்னேன். நர்மதா மேடம் வேகத்தைக் குறைத்தார். பக்கத்தில் போனதும் அது அடிமரம் என்று தெரிந்தது. வேரோடு கிடந்தது.

கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டு நிமிடம் போயிற்று என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, உன்னைக் கீழே வைப்பதுதான் கப்பலுக்கு நல்லது என்றார். இரவுச் சாப்பாட்டில் சமையற்காரர் முதல் ஆயில்மேன் வரை, "திமிங்கிலம் வந்தாச்சா?" என்று கேட்டார்கள்.

தொபியாஸ் அண்ணன் மட்டும், "நூறு மரத்த மீனுன்னு சொல்லு மக்களே, தப்பில்ல. ஒரு மீன மரம்னு சொல்லிராத," என்றார். அவர் குளச்சல்காரர். சிரிக்காமல் பேசினால் நிஜமாகப் பேசுகிறார் என்று அர்த்தம்.

ஜனவரி 16, வியாழன்

காலை பத்தே கால், பத்து இருபது இருக்கும். நான் அணியத்தில் இருந்தேன். கப்பல்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். படகின் முன்முனையை எங்கள் ஊரில் அணியம் என்போம், எனக்கு அதுதான் வாயில் வரும். நங்கூரச் சங்கிலி எந்திரத்துக்குக் கீழே முட்டி போட்டுத் துரு தட்டிக்கொண்டிருந்தேன். காதில் அடைப்பான். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. திடீரென்று கப்பல் ஒருமுறை இருமியது போல ஓர் அதிர்வு. எழுந்து எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத் தண்ணீர் சிவந்திருந்தது. கறுப்பாக ஒன்று கப்பலின் பக்கவாட்டில் உரசி உருண்டு பின்னால் போனது. அதை ஒட்டியே சின்னதாக இன்னொன்று.

என்னிடம் வாக்கிடாக்கி இல்லை. பிரிட்ஜ் நூற்றைம்பது மீட்டர் பின்னால். ஓடிச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதுவும் செய்ய நேரமில்லை. நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள், அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

கப்பல் பதினைந்தரை மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பத்து அல்ல, பதினைந்தரை. மதியத்துக்குள் நங்கூரம் போட்டால் வரிசையில் மூன்றாவது இடம், இல்லையென்றால் ஏழாவது. அதற்காகத்தான். கொலைகாரக் கம்பெனி. மாடிப்படி தவறாமல் 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரொட்டி அச்சடித்த செலவில் ஒரு ஆளை எடுத்திருந்தால் அவன் மேலே நின்று பார்த்திருப்பான். கண் இருக்கிறவனைக் கீழே முட்டி போட வைத்தவர்கள் அவர்கள். நான் இல்லை.

பதினொன்றரைக்கு நங்கூரம். மூன்றாவது இடம் கிடைத்தது.

ஜனவரி 17, வெள்ளி

கயிற்றுப் பலகையில் என்னை அணியத்துக்கு வெளியே இறக்கினார்கள். கையில் உயர் அழுத்த நீர்க்குழாய். காலி கப்பல் என்பதால், அடியில் குமிழ் போலத் துருத்தும் முன்மூக்கு பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நின்றது. வண்ணப்பூச்சில் நீளமாக ஒரு வழித்த தடம். மூக்கும் உடலும் சேரும் மடிப்பில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புத் தோல் சிக்கியிருந்தது. அதில் ஒரு பக்கம் வெள்ளைத் தடிப்பு. தடிப்பின் மேல் வெளுத்த நிறத்தில் பேன்கள். நகம் அளவுக்கு, நண்டு மாதிரிக் கால்களோடு. ஒரு நாள் காய்ந்த பிறகும் சில அசைந்தன.

திமிங்கிலப் பேன் இதன் உடம்பைத் தவிர வேறெங்கும் வாழாது என்று புத்தகத்தில் இருந்தது. தாயிடமிருந்து குட்டிக்கு, உரசி உரசித்தான் போகும்.

"என்னடே பாத்துட்டு கிடக்க? அடிச்சு வுடு," என்று மேலிருந்து தொபியாஸ் அண்ணன் குரல்.

"தோலு சிக்கிருக்குண்ணே."

அவர் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு, "கேப்டன் மரக்கட்டைன்னு எழுதியாச்சு. மரத்துக்கு தோலு கிடையாது. அடி," என்றார்.

அடித்தேன். இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 18, சனி

போனில் இடம் இல்லை என்று காட்டுகிறது. கேலரியைத் திறக்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்னும் நங்கூரத்தில். நர்மதா மேடம் மூன்று நாளாகச் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. அவருக்குத் தட்டு எடுத்துப் போனேன். கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது.

"அந்த நேரத்துல நான் சார்ட் டேபிள்ல இருந்தேன் ரோமால்ட். துறைமுகத்துக்கு அனுப்புற பேப்பர் பதினோரு செட். பத்தரைக்குள்ள வேணும்னார் கேப்டன். முன்னாடி நான் பாக்கவே இல்ல."

"நீங்க என்ன செய்வீங்க மேடம், ஒரு ஆளு."

"லாக்புக்ல கடல் கொந்தளிப்புன்னு எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல என் கையாலதான் எழுதினேன். வேகத்தக் குறைச்சா கப்பல் கட்டுப்பாட்டுல நிக்காதுன்னு. அப்படி இருந்தா மட்டும்தான் பத்துக்கு மேல போகலாம்னு விதிவிலக்கு இருக்கு." ஜன்னலைக் காட்டினார். அன்று போலவே இன்றும் கடல் தட்டையாகத்தான் இருந்தது. "நீ முன்தளத்துலதான இருந்த. ஏதாவது பாத்தியா? முன்னாடியே?"

"சத்தம் கேட்டப்புறம்தான் எந்திரிச்சேன்."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். குழம்பு ஆறியிருந்தது.

அந்தப் புத்தகத்தை மறுபடி படித்தேன். பால் கொடுக்கும் மாதங்களில் தாய் எதுவும் தின்பதில்லை. இந்தக் கரையில் அதற்குத் தீனியே கிடையாது. வடக்கே தின்று சேர்த்த கொழுப்பைப் பாலாக்கி, வற்றிப்போய், குட்டியோடு திரும்ப நீந்துகிறது. முன்பெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒன்று போடும். இப்போது ஏழு, எட்டு வருடம் ஆகிறது. வலைக்கயிறு சுற்றிக் காயப்பட்டு, உடம்பு தேற அவ்வளவு நாள். குட்டியோடு இருக்கும்போது தாய் சத்தமாகப் பேசாது. சுறாவும் ஓர்க்காத் திமிங்கிலமும் கேட்டுவிடும் என்று, பக்கத்தில் இருப்பதற்கு மட்டும் கேட்கும் அளவுக்கு மெல்ல முனகும். மேலாக மிதந்துகொண்டே ஓய்வெடுக்கும். கப்பலின் எந்திரம் பின்னால் இருப்பதால் கப்பலுக்கு நேர் முன்னால் சத்தம் குறைவாம். வருவது அதற்குத் தெரிவதே இல்லை.

மாலையில் தொபியாஸ் அண்ணன் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எடேய், வியாழக்கிழம நீ எடுத்த வாக்கிடாக்கிய எங்க வச்ச?"

"சார்ஜர்ல போட்டேன்."

"சரி," என்று எழுதிக்கொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

துறையில் கட்டினோம். கட்டி ஒரு மணி நேரத்தில் இரண்டு அரசு அதிகாரிகள் ஏறினார்கள். கடல் உயிர்களைக் காக்கும் துறையாம். இந்த சீசனில் தினமும் சின்ன விமானத்தில் பறந்து திமிங்கிலங்களை எண்ணுகிறவர்கள், வெள்ளிக்கிழமை பெண் திமிங்கிலம் ஒன்று செத்து மிதப்பதைப் பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தது. அந்தப் பகுதியைக் கடந்த கப்பல்களின் வேகம் எல்லாம் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. எங்களுடையது பதினைந்தரை.

மாலையில் கேப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏசி, பழத்தட்டு, தட்டச்சு செய்த ஒரு பக்கம். தொபியாஸ் அண்ணன் தமிழில் சொன்னார். பதினாறாம் தேதி எட்டு முதல் பன்னிரண்டு வரை நான் பிரிட்ஜில் கண்காணிப்பில் இருந்தேன். பார்வை தெளிவாக இல்லை, அலை அதிகம். மிதந்த மரம் தவிர எதையும் பார்க்கவில்லை. கீழே ரோமால்ட் என்று அச்சடித்து ஒரு கோடு.

"நான் அணியத்துல இருந்தேன்," என்றேன்.

கேப்டன் கண்காணிப்புப் பதிவை எடுத்து முன்னால் வைத்தார். பதினாறாம் கட்டத்தில் என் கையெழுத்து. புத்தாண்டு கேக் எண்ணெய் பட்டு மை கொஞ்சம் பரவியிருந்தது. இதில் எது பொய், அன்று போட்டதா, இன்று சொல்வதா என்று கேட்டார். நாளை மறுநாள் விசாரணை, அதற்குள் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் கண்காணிப்பில் தூங்கியவன் என்று கம்பெனிக்கு எழுதுவார். அப்புறம் எந்தக் கப்பலும் வேலை அனுபவம் பதியும் என் கடல் புத்தகத்தைத் திறந்து பார்க்காது.

வெளியே வந்ததும் தொபியாஸ் அண்ணன், "கையெழுத்து போடாம இருக்கணும்னா கையில ஏதாவது இருக்கணும் மக்களே. வெறுங்கையோட எதுக்காத," என்றார்.

கையில் இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று கேலரியைத் திறந்தேன்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அன்று நான் முட்டி போட்டிருக்கவில்லை. ஓய்வுக்காகக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தேன். தூரத்தில் வி வடிவில் மூச்சு எழுந்தது. புத்தகத்தில் இருந்த அதே மாதிரி. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு மூச்சு. போனை எடுத்தேன். தளத்தில் போன் கூடாது, அதனால் முதலில் பின்னால் திரும்பிப் பிரிட்ஜைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை.

வீடியோ ஐம்பத்திரண்டு விநாடி. அதன் கடைசியில்தான் இடி.

முதல் பத்து விநாடியில் கடலும் ஒரு கறுப்புக் கோடும். பதினைந்தில் தாயின் தலை தெரிகிறது. வெள்ளைத் தடிப்புகள், மூக்கின் மேல் ஒன்று, இரண்டு பக்கமும் வரிசையாக. இருபதில் நான் ஸூம் செய்கிறேன். குட்டி தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுகிறது, மறுபடி ஏறுகிறது. விளையாட்டு. இருபத்தெட்டில் என் குரல், மெதுவாக: "அழகா இருக்கு, பாரேன்." யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்டேட்டஸில் போடலாம் என்று நினைத்தது தெரியும். நாற்பதில் தாய் திரும்பவே இல்லை. ஐம்பதில் கப்பலின் விளிம்பு படத்துக்குள் வருகிறது. அதற்குள் அதுவாக விலகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் கடலில் ஓங்கில் என்கிற டால்பின் விலகும். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

வாக்கிடாக்கி இடுப்பில் இருந்தது. போனைப் பிடித்திருந்த கையின் முழங்கை அதன் மேல்தான் ஊன்றியிருந்தது. படம் ஆடக்கூடாது என்று.

சொல்லியிருந்தால் மறுபடியும் மரம் என்பார்கள் என்று பயந்தேன் எனலாம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். ஆனால் வீடியோவில் என் குரலில் பயம் இல்லை.

இந்த வீடியோவில் எல்லாம் இருக்கிறது. கடல் தட்டையாகக் கிடப்பது. கண்காணிப்பாளன் பிரிட்ஜில் இல்லை என்பது. மரம் இல்லை என்பது. கேப்டனை இது முடித்துவிடும்.

முழுவதும் பெரிய கோப்பு. அவர்களுக்கு வேண்டியது முக்கியமான பகுதி மட்டும்தான். இரண்டு விரலால் மஞ்சள் கோட்டை நகர்த்தினேன். கடைசி ஒன்பது விநாடி.

ஜனவரி 22, புதன்

விசாரணை, கப்பலின் அலுவலக அறையில். நரைத்த தலையுடன் ஒரு பெண் அதிகாரி, தட்டச்சு செய்ய ஓர் இளைஞன், மேசை நடுவில் ஸ்பீக்கரில் ஒரு போன். போனில் கனடாவிலிருந்து ஒரு பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

"வணக்கம் தம்பி. நான் மொழிபெயர்க்கிறவ. நீங்க சொல்லுறதக் கூட்டாமக் குறைக்காம அவைக்குச் சொல்லுவன். ஆறுதலாக் கதையுங்கோ. விளங்குதோ?"

"விளங்குது."

கேப்டன் தட்டச்சு செய்த பக்கம் அவர்கள் முன்னால் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். மாதம் பிறக்கும்போதே எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைச் சொன்னேன். முன்மூக்கைக் கழுவியதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. இத்தனை வருடக் கோபமும் அந்த அறையில் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றது. பிறகு போனைக் கொடுத்தேன்.

அந்த அதிகாரி ஒன்பது விநாடியை நான்கு முறை பார்த்தார். கடைசி முறை நிறுத்தி, தலையின் வெள்ளைத் தடிப்புகளை விரலால் தொட்டு ஏதோ சொன்னார்.

"இவவ அவைக்குத் தெரியுமாம். பிறந்த வருசத்தில இருந்து. இவவின்ர தாயையும் தெரியுமாம். இது ரெண்டாவது குட்டி. மூத்தது கயித்தில சுத்துப்பட்டுச் செத்துப்போச்சுதாம்."

அதிகாரி வீடியோவை மறுபடி தொடக்கத்துக்கு இழுத்தார்.

"வீடியோ தொடங்கேக்க அது எவ்வளவு தூரத்தில நிண்டது எண்டு கேக்கினம்."

"பக்கத்துல. திடீர்னு எந்திரிச்சிச்சு."

"அதுக்கு முன்னம் கண்டனீங்களோ?"

"இல்ல. துரு தட்டிட்டிருந்தேன்."

"உங்களிட்ட வாக்கிடாக்கி இருந்ததோ?"

"இருந்துச்சி."

"பிரிட்ஜுக்குச் சொல்ல நேரம் இருந்ததோ?"

"இல்ல."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். இளைஞன் தட்டச்சு செய்தான். நான் ஒரு சொல் சொன்னேன், அவனுக்கு நான்கைந்து தட்டு தேவைப்பட்டது.

"இன்னும் ஒண்டு தம்பி. குட்டியக் கண்டனீங்களோ?"

"தாய்க்குப் பின்னாலயே போச்சி."

"அது இன்னும் அந்தப் பக்கம்தான் சுத்துதாம். விமானத்தில இருந்து பாத்தவை. பால் குடிக்கிற வயசு. ஒண்டும் செய்யேலாதாம்." அதிகாரி மேலும் ஏதோ சொன்னார். "நீங்க செய்தது லேசான காரியம் இல்லையாம். எத்தினையோ கப்பலில ஆக்கள் வாய் திறக்கிறேல்லையாம். நன்றி சொல்லச் சொல்லுறா."

அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடியோவின் நகலை எடுத்துக்கொண்டார்கள். அசல் கோப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். இதுதான் என்றேன். கழிவறைக்குப் போய், நேற்று அழிக்காமல் விட்ட நீளமானதை அழித்தேன்.

ஜனவரி 23, வியாழன்

கப்பலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். எங்கள் கம்பெனி கடல் உயிர்களை மதிக்கிறது. இது தனிப்பட்ட அதிகாரி ஒருவரின் கவனக்குறைவு. அந்த ஒருவர் கேப்டன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இல்லை. காவலில் இருந்தவர், லாக்புக்கில் எழுதியவர். நர்மதா மேடத்தை இறக்கி ஊருக்கு அனுப்புகிறார்கள். விசாரணை முடியும்வரை கேப்டன் கப்பலிலேயே இருப்பார். வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

தொபியாஸ் அண்ணன் என் தோளைத் தட்டி, "ஆம்பளடே நீ," என்றார். நான் தோளை விலக்கிக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

நர்மதா மேடத்தின் பெட்டியை நான்தான் ஏணிப்படி வழியாக இறக்கினேன். துறையில் வேன் இன்னும் வரவில்லை. மரத்தூள் காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது. அவர் முகம் கழுவி, தலை வாரியிருந்தார். பல நாளைக்குப் பிறகு சாப்பிட்ட முகம்.

"உன்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, தெரியுமா? நீ வாயத் திறந்ததாலதான என் வேலை போச்சுன்னு குக் சொல்றார். லூசு."

"நான் கேப்டனத்தான் நெனச்சேன் மேடம்."

"தெரியும். எங்கப்பாகிட்ட சொன்னேன், திமிங்கிலம் செத்துச்சுன்னு. எவ்ளோ பெருசு, அது கூடவா கண்ணுக்குத் தெரியலங்கிறார்." சிரித்தார். பிறகு பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். அதில் கப்பலின் படம், கோணங்கள், எண்கள்.

"தூக்கமே வரலையா, கணக்குப் போட்டேன். நம்ம வேகம், சுக்கான் வளைக்க ஆகிற நேரம், எல்லாம். வலது ஓரத்துலதான் இடிச்சிருக்கு. ஏழு மீட்டர் தள்ளியிருந்தாப் போதும், உரசாமப் போயிருக்கும். அதுக்கு எனக்கு நாற்பது செகண்ட் வேணும். நாற்பது செகண்ட் முன்னாடி நான் தலையத் தூக்கியிருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும். அதே நெனப்பு. கண்ண மூடினா அதேதான்."

நான் வேன் வருகிறதா என்று பார்த்தேன்.

"அப்புறம் விசாரணைக்கு வந்த அந்தம்மா உன் வீடியோவக் காட்டினாங்க. ஒன்பது செகண்ட். அது மேல வந்ததே ஒன்பது செகண்ட்தான். நான் ஜன்னல்லயே நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அன்னைக்குத்தான் தூங்கினேன்." தாளைக் கிழித்தார். துண்டுகளைப் போடத் தொட்டி இல்லாமல் என் கையில் கொடுத்தார். "ஒன்பது செகண்ட்ல யாரால முடியும்? சொல்லு."

"முடியாது மேடம்."

"அதான்," என்றார்.

வேன் வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தேன். ஊருக்கு வந்தால் ஆம்பூர் பக்கம் வா, பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றார். சரி என்றேன்.

அறைக்கு வந்து போனைத் திறந்தேன். அழித்த வீடியோ அழிந்துவிடவில்லை. அழித்தவற்றைப் போட்டு வைக்கும் பெட்டியில் கிடக்கிறது. சின்னச் சதுரத்தில் கடல், மேலே ஒரு மூலையில் ஐம்பத்திரண்டு என்ற எண். இன்னும் இருபத்தெட்டு நாள் அங்கே இருக்கும், பிறகு தானாகவே போய்விடும் என்று கீழே எழுதியிருக்கிறது.

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.